கட்டத்துக்கு வெளியே இரண்டு வார்த்தை

நெல்டா இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அகப்பை பிடித்தவள். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. புதிதாக வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஜனங்களுக்குப் புரியவைத்து, மனு எழுத உதவ ஆள் வேண்டும் என்றார்கள். பெயர் கொடுத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் இருபது மணி நேரம் பயிற்சி, ஒரு பரீட்சை, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை. டென்னசியின் கிழக்கு மலைப்பக்கத்தில் எங்கள் வட்டாரம் முழுவதற்கும் அந்த அட்டை போட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் நூலகத்தின் பின்னறையில் வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் சட்டத்தைத் திட்டுவதற்கென்றே வருவார்கள்.

"வாஷிங்டன்காரன் நம்ம தலையில எதையோ கட்டப் பாக்குறான்" என்று ஆரம்பிப்பாள் முடி வெட்டும் கடைக்காரி வெர்னா.

"உன் தலையில எதைக் கட்டினாலும் நிக்காது வெர்னா, உக்காரு" என்பாள் நெல்டா. அறை சிரிக்கும். அதன் பிறகுதான் பாடம்.

பாடத்தைச் சமையல்காரி மாதிரியே நடத்தினாள். இன்சூரன்ஸ் என்பது சர்ச் சபையில் போடும் கூட்டாஞ்சோறுதான். எல்லாரும் மாசாமாசம் ஒரு பிடி கொண்டுவந்து பானையில் போடுகிறோம், அதற்குப் பெயர் பிரீமியம். யாருக்குப் பசிக்கிறதோ அவர்கள் பானையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் சில கரண்டி நம் கைச்செலவு, அதைத் தாண்டினால்தான் பானை. முன்பெல்லாம் ஏற்கெனவே நோய் உள்ளவனைப் பானைக்காரன் வாசலிலேயே நிறுத்திவிடுவான். புதிய சட்டம் வந்தபின் நிறுத்த முடியாது. பிரீமியம் கட்டச் சிரமப்படுகிறவனுக்கு அரசாங்கமே பெரும்பகுதியைக் கட்டும், கைச்செலவையும் குறைக்கும்.

"அப்போ ரொம்ப ஏழைக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.

அந்த இடத்தில் மட்டும் நெல்டாவின் குரல் கொஞ்சம் இறங்கும். ரொம்ப ஏழைகளுக்கு மாநிலம் இலவச அட்டை கொடுக்கும் என்று நினைத்துத்தான் சட்டத்தை எழுதினார்கள். வழக்கு நடந்தது. கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் இஷ்டம் என்று தீர்ப்பு வந்தது. எங்கள் மாநிலம் வேண்டாம் என்றது. ஆகவே தனி ஆளுக்கு வருஷத்தில் பதினோராயிரத்து அறுநூற்று எழுபது டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் உதவி உண்டு. அதற்குக் கீழே போனால், இலவச அட்டையும் இல்லை, உதவியும் இல்லை. "நடுவுல ஒரு ஓட்டை" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். பத்து வகுப்பில் பத்து முறை அப்படித் தாண்டிப் போயிருக்கிறாள்.

பதினோராம் வகுப்பில் கடைசி வரிசையில் அவள் தம்பி ஹோபர்ட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஹோபர்ட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. மலை மடிப்பின் மேல்கோடியில் அப்பா விட்டுப்போன வீட்டில் ரம்பம் தீட்டியும், புல் வெட்டியும், பழுதான எஞ்சின்களைச் சரிசெய்தும் பிழைப்பவன். அந்த வருஷம் கோடையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே மயங்கி விழுந்தான். மாசம் ஒருமுறை வேன் வண்டியில் வரும் இலவச டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போட்டால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றான். "எந்த இன்சூரன்ஸ்?" என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டான். வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகைக்கும் எழுதிப்போட்டான். முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கு ஒன்றரை வருஷம் ஆகும் என்றார்கள்.

"கீழ விழுந்தா தூக்கிட்டுப் போய்ப் பாப்பாங்களாம். விழாம இருக்குறதுக்கு மட்டும் ஒருத்தனும் எதுவும் பண்ண மாட்டானாம்" என்று நெல்டா ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் தம்பியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரசரவென்று போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அடுத்த வருஷம் எவ்வளவு சம்பாதிப்பேன்னு எதிர்பார்க்கிற?"

"அடுத்த வருஷமா? நாளைக்குக் காலையில கண் முழிப்பேனான்னே தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாதுடா. கேள்வி அப்படித்தான் இருக்கு."

"போன வருஷம் எவ்வளவுன்னு கேக்கச் சொல்லு, டாண்ணு சொல்றேன். ஒன்பதாயிரத்து எண்ணூத்தி நாப்பது."

நெல்டாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. கழுத்தில் அட்டை மாட்டும்போது அவள் கை உயர்த்திக் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு. யாருடைய வாயிலும் எண்ணைத் திணிக்க மாட்டேன், சொன்னதைக் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று. ஊரில் பாதிப் பேர் அவளை நம்பி வருவதே அதனால்தான். ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று தட்டினாள். உதவி கிடையாது, மாசம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் முழுசாகக் கட்ட வேண்டும், அதற்கு மேல் முதல் ஆறாயிரம் கைச்செலவு என்று திரை சொன்னது.

ஹோபர்ட் திரையை உற்றுப் பார்த்தான். "எனக்கு உதவி பண்ண முடியாத அளவுக்கு நான் ஏழையா?"

"ஆமா."

"அப்போ இந்த உதவி யாருக்கு?"

"ஏழைங்களுக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, மூச்சு வாங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டான். நெல்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே வீட்டுக்குப் போய் பயிற்சிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தாள். அதில் ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கேட்கப்படுவது மதிப்பீடு மட்டும்தான். நியாயமான காரணத்தோடு இவ்வளவு வரும் என்று ஒருவன் எதிர்பார்த்து எழுதி, கடைசியில் அவ்வளவு வராமல் போனாலும் குற்றமில்லை, வாங்கிய உதவியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். விதியை விளக்குவது அவள் வேலைதானே. மறுநாளே மலையேறிப் போய் விளக்கினாள்.

"அதாவது, நீ நம்பிக்கையா எதிர்பார்த்தா போதும்."

"எதிர்பார்த்து, கையெழுத்தும் போடணும்ல?"

"போடணும். சொன்னது உண்மைன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

"நாளைக்கு நடக்கப்போறதை உண்மைன்னு நான் எப்படிக்கா சத்தியம் பண்ணுவேன்?"

இங்கே எங்கள் சபையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலை மடிப்பில் வளர்ந்த யாரும் நாளையைப் பற்றி வெறும் வாயால் பேச மாட்டார்கள். "ஞாயித்துக்கிழமை பாக்கலாம், கர்த்தருக்குச் சித்தமானா" என்பார்கள். "உருளைக்கிழங்கு அடுத்த வாரம் நடணும், கர்த்தருக்குச் சித்தமானா" என்பார்கள். மற்றவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் உண்டு. ஹோபர்ட் விட்டதே இல்லை. சின்ன வயசில் அவனைக் கடைக்கு அனுப்பினால்கூட, "வரேம்மா, கர்த்தருக்குச் சித்தமானா" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவான். அந்த வார்த்தை இல்லாமல் நாளையைப் பற்றிப் பேசுவது அவனுக்குக் கடவுளின் நாற்காலியில் போய் உட்காருகிற மாதிரி.

"கம்ப்யூட்டர்ல அந்த எண்ணுக்குப் பக்கத்துல அதையும் போட்டுடு. அப்போ நான் கையெழுத்துப் போடுறேன்" என்றான்.

"அந்தக் கட்டத்துல எண்ணு மட்டும்தான்டா ஏறும்."

நம்பாமல் நூலகத்துக்கு வந்து ஒற்றை விரலால் அவனே தட்டிப் பார்த்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டம் சிவப்பாக மாறியது. அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குக் கர்த்தரைத் தெரியவில்லை என்று ஊரில் பேச்சானது.

டிசம்பரில் சபையார் தாங்களே இதைத் தீர்த்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். உதவி தொடங்கும் அந்த வருமானக் கோட்டைத் தொட ஆயிரத்து எண்ணூற்று முப்பது டாலர் குறைகிறது, அவ்வளவுதானே! ஹோபர்ட் பெயரில் ஒரு விருந்து. பீன்ஸ், சோள ரொட்டி, பொரித்த கோழி, ஆப்பிள் அடுக்குக் கேக். வெர்னா ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு டாலர் சேர்ந்தது. பெட்டியைக் கொண்டுவந்து நெல்டாவின் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

"இந்தா, கோடு தாண்டியாச்சு. எழுதிக்கோ."

நெல்டா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் தரையில் ஒரு பள்ளம் விழுந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "வெர்னா, இது வருமானம் ஆகாது. அவன் உழைச்சுச் சம்பாதிச்சா வருமானம். நாம குடுத்தா அன்பளிப்பு. அன்பளிப்பை எழுதக் கூடாது."

"என்னது? நாங்க ஆசையாக் குடுத்தது செல்லாதா?"

"செல்லும். அந்தக் கட்டத்துக்குள்ள மட்டும் செல்லாது."

"முழுப் பிரீமியத்தையாவது கட்டு இதை வெச்சு!"

"நாலு மாசத்துக்குக்கூட வராது. அப்புறம் அந்த முதல் ஆறாயிரம் யார் குடுப்பா?"

ஹோபர்ட் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னான். பெட்டியைச் சபையின் ஒழுகும் கூரைக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டு கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அன்பளிப்பு ஆகாது, உழைப்பு வேண்டும் என்றால் உழைப்பைக் கொடுத்துவிடுவோம் என்று ஊர் கிளம்பியது. ஜனவரியில் அவன் வீட்டு முற்றத்தில் ரம்பங்கள் குவிந்தன. உட்கார்ந்தபடியே தீட்டலாம், ஒன்றுக்கு இருபது டாலர். மூன்று நாள் தீட்டினான். நாலாம் நாள் வெர்னா கொண்டுவந்த ரம்பத்தின் பல்லில் கட்டைவிரலை ஓட்டியவன் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வெர்னா, இது நேத்துக் கடையில வாங்கினது."

"இல்லையே, எங்க மாமனார் காலத்துது."

"விலைச்சீட்டு ஒட்டியிருக்கு."

பிறகு குவியலை அலசிப் பார்த்தான். ஒன்பது புது ரம்பம். தேவையில்லாத வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று, தள்ளாடிக்கொண்டே வீடு வீடாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். பாதி வழியில் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். நெல்டாவுக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது.

"உன் நேர்மையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுடா! அந்த வால்வுக்கு உன் நேர்மை தெரியுமா?"

"வால்வுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்ல."

பிப்ரவரி பதினைந்தாம் தேதியோடு மனு வாங்குவது முடிகிறது. பத்தாம் தேதி போதகர் ஆர்வில் மலையேறி வந்தார். எங்கள் சபையில் போதகருக்குச் சம்பளம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் மரம் அறுக்கும் மில் நடத்துகிறவர் அவர்.

"ஏப்ரல்லேருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் மில்லுக்கு வா ஹோபர்ட். உக்காந்து அறுவை வாளுக்குக் கூர் வெச்சுக் குடு. நூறு நூறா ரெண்டு நாளைக்கு எரநூறு."

"நெசமாவே வேலை இருக்கா பிரதர், இல்ல எனக்காக உண்டாக்கினதா?"

ஆர்வில் வண்டியிலிருந்து ஒரு வாளைத் தூக்கிவந்து முன்னால் போட்டார். "நீயே பாத்துச் சொல்லு."

பல்லெல்லாம் மழுங்கி, இரண்டு உடைந்தும் கிடந்தது. ஹோபர்ட் ரொம்ப நேரம் தடவிப் பார்த்தான். "இதை வெச்சா மரம் அறுக்குறீங்க? வெட்கமா இல்ல?" என்றான். அப்புறம், "ஏப்ரல்ல வரேன், கர்த்தருக்குச் சித்தமானா" என்றான். நெல்டா சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அவன் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டால்கூட இந்தக் கூலியோடு வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரத்து இருநூறு வரும். கம்ப்யூட்டர் வேண்டாம், காகித மனுவும் உண்டு, தபாலில் போடலாம் என்றாள் நெல்டா. வியாழக்கிழமை அவள் வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு வந்ததும் ஹோபர்ட் மெதுவாக எண்ணை எழுதினான். பிறகு கட்டத்துக்கு வெளியே, ஓரமாக, சின்ன எழுத்தில் இரண்டு வார்த்தை எழுதினான்: கர்த்தருக்குச் சித்தமானால். கையெழுத்தும் போட்டான்.

நெல்டா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அடித்துவிடு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டான் என்று பயம். சொன்னதைக் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று கொடுத்த வாக்கு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் காகிதத்தில் கடைசியில் ஒரு கையெழுத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷம். இந்த இரண்டு வார்த்தை எந்த ஆபீசை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தாள். உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை பனி விழ ஆரம்பித்தது. அதற்கு மேல் பனிக்கட்டி மழை. மரங்கள் சாய்ந்தன, கரண்ட் போயிற்று. பாதை திறந்ததும் மறுபடி பனி. மலை மடிப்புக்குத் தபால் வண்டி ஏறவே இல்லை. மார்ச் மாசத்தில் ஒருநாள் ஹோபர்ட் ஓர் அரசாங்க உறையைப் பிரிக்காமல் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான். நீ எழுதிய வருமானம் தெளிவாக இல்லை, அதன் அருகில் கூடுதல் வாசகம் இருக்கிறது, எண் மட்டும் எழுதி இந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பவும் என்று இருந்தது. நெல்டா தேதியை விரல் விட்டு எண்ணினாள். அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு போன் பண்ணினால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் போனில் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், ரொம்ப மரியாதை.

"நிபந்தனையோட எழுதின வருமானத்தை நாங்க எடுத்துக்க முடியாதும்மா."

"அது நிபந்தனை இல்லம்மா. எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான். பேச்சோட பேச்சா வர்றது."

"புரியுதும்மா. ஆனா பதிலுக்கான தேதி முடிஞ்சிடுச்சு. மனு வாங்குறதும் முடிஞ்சிடுச்சு. மறுபடி நவம்பர்ல திறப்போம்."

"பனிம்மா, தபாலே வரல! அவனுக்கு நெஞ்சுல வால்வு... அந்த ரெண்டு வார்த்தையை நான் அடிச்சிடுறேன். இப்பவே, நீ சொன்னா இப்பவே அடிச்சு அனுப்புறேன்."

"எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்மா. மேல எழுதிப் போடுங்க, ஆனா பதில் வர மாசக்கணக்கில ஆகும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்" என்றாள் நெல்டா. நவம்பரிலிருந்து நாற்பத்தொரு பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தாள். நாற்பது பேருக்குக் காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. ஊரில் யார் கேட்டாலும் சட்டத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரியும். சொந்தத் தம்பியை மட்டும் உள்ளே தள்ளத் தெரியவில்லை. பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும்.

கழுத்து அட்டையை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு மலையேறினாள். ஹோபர்ட் வாசலில் நாற்காலி போட்டு, ஆர்விலின் வாளை மடியில் வைத்து அரம் தேய்த்துக்கொண்டிருந்தான். நாலு இழுப்பு, பிறகு ஓய்வு. மறுபடி நாலு இழுப்பு. உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. போனில் சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னாள்.

"அழாதக்கா. அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா, அவளுக்குக் குடுத்த வேலை அது."

"உனக்குக் கோவமே வராதாடா?"

"மூச்சு இருந்தால்ல கோவப்பட" என்று சிரித்தான். அரத்தைக் கீழே வைத்தான். எதிர்மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் கையை எடுத்துத் தட்டிக் கொடுத்தான். அவன் விரல்கள் சில்லென்று இருந்தன. "நவம்பர்தானே? லைப்ரரிக்கு நானே வந்துடுறேன். கம்ப்யூட்டர்லயே போட்டுடலாம், வெறும் எண்ணு மட்டும்."

நெல்டா காத்திருந்தாள். கடைக்குப் போகிற பிள்ளை வாசலில் நின்று சொல்வானே, அந்த இரண்டு வார்த்தை வரட்டும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அரத்தை எடுத்து அடுத்த பல்லுக்குப் போனான். நாலு இழுப்பு இழுத்தான், நிறுத்தினான்.

"வருவியாடா?" என்று கேட்டாள்.

"அதான் வரேன்னு சொல்லிட்டேன்லக்கா" என்றான் ஹோபர்ட்.